கடைசி டேங்க்

“பேச வேண்டாங்க, கேட்குதான்னு மட்டும் சொல்லுங்க!” என்று மைக்கில் கத்தினாள் அவள்.

ஹெட்போனில் பதில் இல்லை. பக்கத்தில் நின்றிருந்த முதலாளி நெற்றியைச் சுருக்கினார்.

“என்னம்மா, காலைல புருஷனும் பொண்டாட்டியும் போட்ட சண்டை இன்னும் முடியலையா?”

“முடியல சார். கோபம் வந்தா அவருக்கு மூணு நாள் மௌன விரதம். வீட்டுல பழகிப்போச்சு.”

இருபத்து நாலு மணி நேரக் கார் பந்தயம். பாக்கி ஒரு மணி ஐந்து நிமிடம். அவள் தம்பியும் கணவனும் மாறி மாறி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தம்பி இப்போதுதான் இறங்கினான், பாதையோரமாகக் கார் நிற்கும் ‘பிட்’டில் பெட்ரோல் நிரப்பினார்கள், கணவன் ஏறிப் பறந்துவிட்டான். ஆறாவது இடம்.

நிரம்பிய டேங்க் ஒரு மணி நேரம்தான் தாங்கும். மிச்ச ஐந்து நிமிடத்துக்காகத்தான் காலையில் ஓய்வறையே அதிரும்படி சண்டை. ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் கொஞ்சம் சீக்கிரமே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பெட்ரோலை மிச்சம் பிடித்து, நிற்காமல் ஓட்டி முடிக்க வேண்டும் என்பது அவள் திட்டம். முழு வேகத்தில் மிதித்து, இன்னொரு தடவை நின்று பெட்ரோல் போடலாம் என்பது அவன் வாதம். “இது பந்தயமா, சிக்கன வாரமா?” என்று கதவை அறைந்துவிட்டுப் போனான்.

ஒன்பது வருஷம் டயர் அறையில் இருந்தவளுக்குப் பந்தயத் திட்டம் போட இதுதான் முதல் வாய்ப்பு. முதலாளி ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியிருந்தார். “முதல் மூணு இடத்துக்குள்ள வந்தா இந்த நாற்காலி உனக்கு. இல்லைன்னா பழையபடி டயர் அறைதான். கட்டின புருஷனே உன் பேச்சைக் கேட்கலைன்னா மத்த டிரைவர் எப்படிக் கேட்பான்?”

அவள் மறுபடி பொத்தானை அழுத்தினாள். “சரி, வாயைத் திறக்கவே வேண்டாம். நான் சொல்றது கேட்டா, நம்ம பிட்டைத் தாண்டும்போது லைட்டை ரெண்டு தடவை அடிங்க.”

அவர்களுடைய மஞ்சள் கார் வளைவில் தெரிந்தது. சீறிக்கொண்டு வந்தது. பளிச், பளிச்!

“அடிச்சுட்டார்!” தம்பி வியர்வை சொட்டச் சொட்டக் குதித்தான். “மாமா வழிக்கு வந்துட்டார்க்கா!”

“வளைவுக்கு முன்னாடி காலை எடுங்க. சுத்துக்கு ரெண்டு செகண்ட் போனாப் போகட்டும்.”

திரையில் அடுத்த சுற்றின் நேரம் விழுந்தது. இரண்டு செகண்ட் கூடியிருந்தது. அவள் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. ஜன்னலை மூடச் சொன்னால்கூட ‘எதுக்கு?’ என்று கேட்கிற மனுஷர்!

அடுத்த சுற்றிலும் பளிச், பளிச். அதற்கடுத்ததிலும்.

“கல்யாணத்தன்னிக்குக்கூட மாமா இவ்வளவு தலையாட்டலை,” என்றான் தம்பி.

பின்னால் வெள்ளைக் கார் ஒன்று முட்டிக்கொண்டு வந்தது. “மல்லுக்கு நிக்காதீங்க, விட்டுடுங்க. அவன் பெட்ரோலுக்கு நின்னே ஆகணும்.”

மஞ்சள் கார் ஒதுங்கியது. வெள்ளைக் கார் தாண்டிப் போனது.

“போச்சு, ஏழாவது!” முதலாளி தலையில் கை வைத்தார்.

“பொறுங்க சார்.”

பொறுத்ததற்குப் பலன் இருந்தது. பத்து நிமிடம் இருக்கும்போது முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகப் பெட்ரோலுக்கு ஒதுங்கினார்கள். ஆறு. ஐந்து. வெள்ளைக் காரும் ஒதுங்கியது. நான்கு. மூன்று! முதலாளி தன்னை மறந்து தம்பியின் தோளைக் குத்திக்கொண்டிருந்தார்.

கடைசி இரண்டு சுற்று. வெள்ளைக் கார் புது பெட்ரோலோடு பேய் மாதிரி துரத்தி வந்தது. இடைவெளி ஏழு செகண்ட். நாலு செகண்ட்.

“இப்ப மிதிங்க!” அவள் நாற்காலி மேலேயே ஏறி நின்றுவிட்டாள். “சேர்த்து வச்சதெல்லாம் இதுக்குத்தான், மிதிங்க!”

மஞ்சள் கார் அலறியது. கடைசி நேர்பாதையில் இரண்டு கார்களும் ஒட்டிக்கொண்டாற்போல் வந்தன. கொடி இறங்கியது. ஒரே ஒரு கார் நீளம்! மூன்றாம் இடம்!

பிட்டில் யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்றே தெரியவில்லை. அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

“நாற்காலி உனக்குத்தாம்மா!” என்று கத்தினார் முதலாளி. “புருஷனை ஒரு மணி நேரம் சொன்னபடி கேட்க வச்சிருக்கியே, உலக சாதனை!”

கார் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிய கணவன் யாரையும் பார்க்காமல் நேரே தம்பியிடம் போனான்.

“மச்சான், இறங்கறவன்தானே ஏறறவனுக்கு ரேடியோ ஒயரை மாட்டிவிடணும்? பெல்ட்டைக் கட்டின பிறகு எனக்குக் கை எட்டுமா? ஒரு மணி நேரமா ஒரு வார்த்தை கேட்கலைடா! அதைச் சொல்லத்தானே சுத்துக்குச் சுத்து லைட்டை அடிச்சுக் காட்டினேன்!”

அவள் மெதுவாக நாற்காலியிலிருந்து இறங்கினாள்.

“அப்ப காலை எடுத்தது, வெள்ளைக் காரை விட்டது, கடைசியில மிதிச்சது எல்லாம்...?”

அவன் கையுறையைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தான்.

“நீ சொன்னதுதான் சரின்னு காலைல கதவைச் சாத்தறப்பவே தெரியும்,” என்றான். “திரும்பி வந்து சொல்லத்தான் வாய் வரல.”