'ஓ டாஃப்னி' பாடிய பெண்

ஷெஃபீல்டில் நானும் கிளிஃபர்டும் நடத்திய சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவிக் குழுவின் முதல் பாட்டு 'ஓ டாஃப்னி', அந்த ஞாயிறு மாலை ரேடியோவின் பிரபலப் பாட்டு வரிசையில் மூன்றாம் இடத்துக்கு வந்தது. மறுநாளே இசைத்தட்டுக் கம்பெனி முதலாளி டெஸ்மண்ட் லண்டனிலிருந்து ஓடி வந்தார்.

"வியாழக்கிழமை டிவியில பாடணும். அந்தப் பொண்ணு எங்கே தம்பி?"

நான் கிளிஃபர்டைப் பார்த்தேன். அந்த ஆறரை அடித் தடியன் டீக்கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"டிவிக்கு வேண்டாமே சார்" என்றேன்.

"என்ன குரல்யா அது! கிளி கொஞ்சுற மாதிரி! ஊரே குதிச்சு ஆடுது. வீட்டைக் காட்டு, அவ கால்லயே விழறேன்."

"இங்கேயே விழலாம் சார். பாடினது இவன்தான்."

கிளிஃபர்ட் தொண்டையைச் செருமினான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"என்னய்யா, விளையாடுறியா?"

"நிமிஷத்துக்கு முப்பத்துமூணு சுத்து சுத்த வேண்டிய தட்டு சார். உங்க கம்பெனி லேபிள்ல வேகத்தைப் போட மறந்துட்டீங்க. ரேடியோக்காரர் நாற்பத்தஞ்சுல சுத்திட்டார், வேகம் ஏறினதும் இவன் குரல் பொண்ணு குரலாயிடுச்சு. ஊரே அப்படியே பழகிடுச்சு."

டெஸ்மண்ட் நம்பவில்லை. நான் தட்டைச் சரியான வேகத்தில் ஓடவிட்டேன். பாதியிலேயே அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"இது டான்ஸ் பாட்டு இல்லையா?"

கிளிஃபர்ட் மூக்கை உறிஞ்சினான்.

"ஒப்பாரி சார். டாஃப்னி எங்க பூனை. பால் வண்டில அடிபட்டுச் செத்துப்போச்சு."