கூரைக்கு ஒரு ஏணி

அரிசோனாவில் கேரவன் சாமான்கள் விற்கும் கடைக்குள் நடீனும் வெர்லினும் பரபரப்பாக நுழைந்தார்கள். இருவருக்கும் எழுபது வயதிருக்கும்.

"கேரவன் கூரையில ஏற ஒரு ஏணி வேணும். மடக்கினா கட்டிலுக்கு அடியில போயிடணும்," என்றாள் நடீன்.

கடைக்காரர் டெக்ஸ்டர் அலுமினிய ஏணி ஒன்றை எடுத்து நீட்டினார். "இருநூறு பவுண்டு எடை தாங்கும்."

"பத்தாது. முந்நூறாவது தாங்கணும்!"

"நீங்க ரெண்டு பேருமே ஒல்லிதானே? சார், ஊர் ஊராச் சுத்தறப்போ எதுக்கு வீண் சுமை? உங்க வீட்டுக்காரம்மாகிட்ட நீங்களாவது சொல்லுங்க."

வெர்லினின் முகம் சிவந்துவிட்டது. "இல்லப்பா... எங்க பாதிரியாரும் ஏறணும். அவர் நல்ல கனம்."

"பாதிரியாருக்குக் கூரை மேல என்ன வேலை?"

நடீன் வெர்லினின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"நாளைக்கு விடியும்போது அங்கதான் எங்க கல்யாணம்!"