இடுப்பளவுத் தண்ணீர்

குப்பைக் குவியலில் அந்தக் குச்சி கிடந்தது.

முனையில் சிவப்புத் துணி. அவள் கையால் போட்ட முடிச்சு.

அவள் அதை உருவி எடுத்தாள்.

கோடையில் கண்மாய் வற்றித் தரை தெரிந்தபோது நட்டது அது. மண் லாரிக்காரர்கள் பட்டப்பகலில், ஒருத்தருக்கும் பயப்படாமல் தோண்டிவிட்டுப் போன குழியின் விளிம்பில். ஒரு வீட்டை அப்படியே இறக்கி வைத்தால் மொட்டைமாடியும் மூழ்கும். அப்புறம் மழை பெய்தது. கண்மாய் நிறைந்தது. குழி எங்கே என்று சொல்ல இந்த நெட்டை மூங்கில் குச்சி ஒன்றுதான் மிச்சம்.

"இத யாரு புடுங்குனது?"

தேன்மொழி கையைத் தூக்கினாள். காலேஜ் பிள்ளை. இன்றைக்குத்தான் குழுவில் முதல் நாள்.

ஆகாயத்தாமரை எடுக்கிற இந்த ஞாயிற்றுக்கிழமைக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெறுங்கையோடு யாரும் கரையேறக் கூடாது. ஒரு கொடியாவது, ஒரு பிளாஸ்டிக் பையாவது கையில் இருக்க வேண்டும். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே அவள்தான். போகிற இடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

இன்றைக்கு இவளுக்கு எடுக்க எதுவும் மிச்சமில்லை. கண்மாய் துலக்கிவைத்த தாம்பாளம் மாதிரி கிடந்தது. லாரி ட்யூபில் மிதந்துகொண்டே பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்திருக்கிறாள். குச்சி கண்ணில் பட்டிருக்கிறது.

"எல்லாரும் ஏதாச்சும் எடுத்துட்டு வந்தாங்கக்கா. அதான் நானும்..."

எந்த இடம் என்று கேட்டதற்குக் கையை நீட்டினாள். அந்தக் கை பாதிக் கண்மாயைக் காட்டியது.

யாரைத் திட்ட?

வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைகிற கதை. இன்றைக்கு முளைப்பாரி. செடி அடைத்துக் கிடந்த வருஷங்களில் ஊர்ப் பெண்கள் சிமெண்டுத் தொட்டியில்தான் கரைத்தார்கள். இந்த வருஷம் படித்துறையில் இறங்கிக் கண்மாயிலேயே கரைக்கலாம் என்று தெருத்தெருவாகச் சொல்லியாகிவிட்டது. அதற்காகத்தான் இத்தனை மாதம் தோள் கழன்றது.

கதிரேசன் பைக்கை எடுத்தான். ஜெராக்ஸ் கடைக்காரன், குழுவை நடத்துகிறவன்.

"பதறாதீங்கக்கா. ஊர்வலம் பஜார் வழியாத்தான் வரும். அங்கயே நிறுத்திப்புடுறேன்."

அழுதுகொண்டிருந்த தேன்மொழி பின்னால் ஏறிக்கொண்டாள். மற்றவர்கள் ட்யூபுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, குளித்துப் பட்டுடுத்த எப்போதோ போய்விட்டார்கள்.

அவளால் சும்மா நிற்க முடியவில்லை.

குச்சியை எடுத்துக்கொண்டு குப்பை மேட்டுப் பக்கமாகத் தண்ணீரில் இறங்கினாள். நீச்சல் தெரியாது. ட்யூப் இல்லாமல் இறங்குவது இதுதான் முதல் தடவை. குழியைக் கண்டுபிடித்துக் குச்சியைத் திரும்ப நட்டுவிட்டால் போதும்.

ஊன்றினாள். தரை.

ஓர் எட்டு. ஊன்றினாள். தரை.

முழங்கால். தொடை. இடுப்பு.

செடி இருந்தபோது அங்கே திட்டு, இங்கே வழி என்று ஓர் அடையாளமாவது இருந்தது. இப்போது எங்கே பார்த்தாலும் ஒரே தண்ணீர். என்ன அழகு என்று காலையில் பூரித்துப்போனாள். இப்போது அந்த அழகைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஊன்றினாள்.

குச்சி போனது. போய்க்கொண்டே இருந்தது. கை தோள்வரை நனைந்தும் தரை தட்டவில்லை. பிடி வழுக்கியது. மூங்கில் எட்டாத தூரத்தில் எழுந்து மிதந்தது.

கால் விரல்களால் சேற்றைக் கவ்விக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் பார்த்தாள். வளைத்து வளைத்து நடந்ததில் குழியைத் தாண்டி உள்பக்கம் வந்திருந்தாள். படித்துறைக்கும் அவளுக்கும் நடுவில் குழி.

கொட்டுச் சத்தம் கேட்டது.

பஜார் பக்கம் இல்லை. கரைமேல்.

கரைப்பாதையில் முள் அடைந்து கிடந்த வரைக்கும்தான் ஊர்வலம் பஜாரைச் சுற்றிக்கொண்டு வரும். போன வாரம் அந்த முள்ளை வெட்டியது யார்? இவர்கள்தான். செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டும் என்று ஒரு தூர் விடாமல் வெட்டியிருந்தார்கள்.

பெண்கள் படித்துறையில் இறங்கினார்கள். தலைக்குத் தலை பச்சைப் பயிர். குலவை.

"வராதீங்க. குழி இருக்கு. வராதீங்க."

கொட்டும் குலவையும் அவள் குரலை விழுங்கிவிட்டன. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள்.

முன்னால் நின்ற பெண் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். தலையில் முளைப்பாரி. இடுப்பில் குழந்தை.

கரையில் மைக் கரகரத்தது.

"தாய்மார்கள் பயப்படாம எறங்கலாம். கண்மாயச் சுத்தம் பண்ணுன நம்ம அக்கா தண்ணிக்குள்ள நின்னு கூப்புடுறாங்க பாருங்க. இடுப்பளவுதான். அவங்க நிக்கிற எடம் வரைக்கும் தாராளமாப் போகலாம்."

வந்தார்கள். நேராக, அவளை நோக்கி.

கத்தினாள். கொட்டு நிற்கவில்லை.

சுற்றிக்கொண்டு ஓட நேரமில்லை. ஓடினாலும் அந்தப் பக்கமும் இடுப்பளவுதான் என்று நினைப்பார்கள். அவள் தண்ணீருக்கு மேலே தெரிகிற வரைக்கும் வருவார்கள்.

அது புரிந்ததும் அழுகை வந்தது. சாகப் பயமாகத்தான் இருந்தது.

குழந்தை அவளைப் பார்த்துக் கையைக் காட்டியது.

அவள் தூக்கிய கைகளைத் தாழ்த்தினாள்.

முன்னால் ஓர் எட்டு வைத்தாள்.