தாய்மாமன் மடி

தங்கை மகளுக்குக் காது குத்த, தாய்மாமனாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்த நேரத்தில்தான் சன்னாசிக்கு அழைப்பு வந்தது. மலையில் யார் சிக்கிக்கொண்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள், சம்பளமில்லாத வேலை. உடை மாற்ற நேரமில்லை. பட்டுவேட்டியோடே ஓடினான்.

கம்பிவேலியைத் தாண்டிப் போன ஒருவன் பாறை விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தான். சன்னாசி கயிற்றில் இறங்கி, அவனைத் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஏறினான். பாதி வழியில் அவன், குடித்ததையும் தின்ற பிரியாணியையும் சன்னாசியின் மடியிலேயே கக்கினான். மேலே அவனுடைய கூட்டாளிகள் கைதட்டினார்கள்.

மேலே ஏறியதும் போனில் தங்கை அழுதாள். "எங்கண்ணே இருக்க? நல்ல நேரம் முடியப் போகுது. பிள்ள உன் மடியிலதான் உக்காருவேன்னு அடம்பிடிக்குது."

சன்னாசி குனிந்து மடியைப் பார்த்தான். பட்டில் சோற்றுப் பருக்கைகள் ஒட்டியிருந்தன.

"அண்ணே," என்றான் காப்பாற்றப்பட்டவன், வாயைத் துடைத்துக்கொண்டே. "வீடியோ சரியா விழலையாம். இன்னொரு தடவ இறங்கித் தூக்குறீங்களா?"

சன்னாசி போனை அணைத்தான். அந்தப் பையனின் இடுப்பிலிருந்த கயிற்றை நிதானமாக அவிழ்த்தான்.

"வா தம்பி. பாறை ஓரமா வந்து நில்லு."