கொளஞ்சியப்பர் முடி

"முடி மேல கை வெப்பேன்னு சொன்னா இந்த இஸ்கூலும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். புள்ளயத் தூக்கிக்கினு அடுத்த பஸ்ஸுல வூட்டுக்குப் போய்டலாம்," என்றாள் தங்கமணி.

"மொள்ளப் பேசு. உள்ளாற கேக்கப் போவுது," என்றான் கண்ணாயிரம்.

கன்னியர் மடத்துப் பள்ளியில், தலைமையாசிரியையின் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் குழந்தை சின்னக்கண்ணு. இரட்டைப் பின்னல், அதில் கனகாம்பரம், நெற்றியில் சாந்துப் பொட்டு. வளர்கிற பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாக எடுத்த புதுச்சட்டை முழங்காலைத் தாண்டித் தொங்கியது. எதிரே மைதானத்தில் பையன்களும் பெண்களுமாக வரிசை பிடித்துத் தண்ணீர் குடிக்கப் போனதைக் குழந்தை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது.

கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து அவர்கள் கள்ளக்குறிச்சிக்கு வந்து போவது இது முதல் தடவையன்று. முன்பு ஏறி இறங்கிய இரண்டு பள்ளிகளிலும் ஒரே பேச்சுத்தான்: "முடியை வெட்டி அழைத்து வாருங்கள், எல்.கே.ஜி.யைப் பற்றிப் பிறகு பேசலாம்." குழந்தையின் தலைக்குள்ளே என்ன இருக்கிறதென்று ஒருவரும் கேட்கவில்லை. தலைக்கு மேலே இருப்பதையே கேட்டார்கள். இவர்கள் நடத்துவது பள்ளிக்கூடமா, முடிவெட்டும் கடையா என்று கண்ணாயிரத்துக்கு வயிறு எரிந்தது.

வெட்டக் கூடாத முடி அது. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் சின்னக்கண்ணு கண் திறவாமல் கிடந்தது. ஐந்து வயது நிரம்பியதும் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து முதல் முடியை இறக்குவதாக, தங்கமணி விருத்தாசலம் கொளஞ்சியப்பருக்கு வேண்டிக்கொண்டாள். குழந்தை பிழைத்தது. தாய்மாமன் அரங்கநாதனோ பட்டாளத்தில் இருந்தான். தை மாதத்தில்தான் அவனுக்கு விடுப்பு. பள்ளி திறப்பது ஆனியில்.

"இங்கயும் ஆவாதுன்னுட்டா இன்னா பண்றது?" என்றாள் தங்கமணி.

"அதான் எனக்கும் ரோசன. எங்க சித்தப்பா வேற, சாமியாரம்மாங்க சிலுவ மாட்டி வுட்ருவாங்கன்னு சொல்லி அனுப்பிக்கிறாரு."

"மாட்னா மாட்டட்டும். வெட்டாம இருந்தா செரி."

உள்ளேயிருந்து அழைப்பு வந்தது.

தலைமையாசிரியை சிஸ்டர் பிலோமினா குழந்தையைத் தம் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். "பேர் என்னம்மா?"

"சின்னக்கண்ணு."

"ஆடு எப்படிக் கத்தும்?"

சின்னக்கண்ணு கத்திய கத்தலில் அடுத்த அறைப் பாடம் நின்றுபோயிற்று. சிஸ்டர் சிரித்துவிட்டார். "போதும், போதும். குரல் நல்லா இருக்கு!"

தங்கமணிக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. "பொட்டு வெச்சிக்கினு வந்தா அழிப்பீங்களாங்க?"

"எதுக்கு அழிக்கணும்? தாராளமா வெச்சுக்கட்டும். பூ மட்டும் வேண்டாம். பாடம் நடக்கும்போது பிச்சுப் பிச்சு வாயில போட்டுக்குதுங்க."

"அப்ப... முடிங்க?" என்று இழுத்தாள். கண்ணாயிரம்தான் காய்ச்சலிலிருந்து கொளஞ்சியப்பர் வரையில் ஒன்று விடாமல் சொல்லி முடித்தான்.

சிஸ்டர் வியப்போடு பின்னலைத் தொட்டுப் பார்த்தார். "இந்த முடியை வெட்டச் சொல்ல யாருக்கு மனசு வரும்? ரெட்டைப் பின்னல்தானே எங்க பள்ளிக்கூடத்து ஒழுங்கு! கருப்பு ரிப்பன் கட்டி அனுப்புங்க."

கண்ணாயிரம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மேசைக்கடியில் தங்கமணி அவன் காலை நறுக்கென்று மிதித்தாள். வாய் மூடிக்கொண்டது.

"நீங்க சரின்னுட்டீங்க," என்றாள் அவள் அவசரமாக. "நாளைக்கு கிளாசு டீச்சருங்க யாராச்சும் வெட்டினு வான்னு சொல்லிட்டா?"

"சொல்ல மாட்டாங்க. தை மாசம் வரைக்கும் இந்தத் தலையில கத்திரிக்கோல் படாது. சின்ன வயசுல என் தலையும் வேளாங்கண்ணியில மொட்டை போட்டதுதாம்மா. நேர்ச்சைன்னா நேர்ச்சை, அது யாருக்குச் செஞ்சா என்ன? வார்த்தை கொடுத்துட்டேன், போதுமா?"

தங்கமணி கும்பிட்டாள்.

சிஸ்டர் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தார். ஒரு பக்கத்தைப் புரட்டினார்; மறுபடியும் புரட்டினார். அவர் முகம் வாடிப்போயிற்று.

"அடடா, இதை முதல்லயே பார்த்திருக்கணும். தப்பா நெனைக்காதீங்க. எல்.கே.ஜி.யில பெண் பிள்ளைங்களுக்கு உள்ள இடமெல்லாம் நேத்தே நிரம்பிப் போச்சு. பையன்களுக்குத்தான் கொஞ்சம் இடம் பாக்கி இருக்கு. இந்தப் புள்ளயத் திருப்பி அனுப்ப எனக்கும் மனசில்ல. ஆனா, நான் என்ன செய்யட்டும்?"

இந்தத் தடவை தங்கமணி மிதித்த மிதியில் கண்ணாயிரம் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான்.

"இப்ப சொல்லுங்களேன்!" என்றாள் அவள்.

"குடுத்த வார்த்தய மாத்தக் கூடாது, சிஸ்டர்," என்று கைகூப்பினான் கண்ணாயிரம். "இது ஆம்பளப் புள்ளைங்க!"