கம்பெனியின் மூளை

"மடியில என்னலே? அவுரு."

கேட்டவர் ரப்பர் தோட்டத்துக் கணக்கெழுதும் ரைட்டர் ஜெபசீலன். கேட்டில் காவல்காரன் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்திய நேசையன், பங்களாவுக்குத் துணி வெளுக்கிறவன். தோள்மூட்டையை இறக்கிவிட்டு மடியை அவிழ்த்தான். பதினோரு ரப்பர் விதைகள் வராந்தாவில் உருண்டன.

சாய்வு நாற்காலியிலிருந்த துரை நிமிர்ந்தார். அவர் இந்தத் தோட்டத்துத் துரை அல்ல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தில் தோட்டம் தோட்டமாகப் போய் ரப்பர் ஒப்பந்தத்தைக் காவல் காத்தவர். மூன்று நாளாக இங்கே தங்கிக் கோழி தின்கிறார். நாளை கப்பலேறி ஆப்பிரிக்காவில் தோட்டம் வைத்திருக்கும் தம்பியிடம் போகிறார்.

துரை இங்கிலீஷில் பொழிய, ரைட்டர் தமிழில் வடித்தார். ரப்பர் விளையும் தேசங்கள் கூடிக் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. புதிதாக மரம் நடக்கூடாது. ஒரு விதைகூட எல்லை தாண்டக்கூடாது. நல்ல மரத்து விதை கம்பெனியின் மூளை. மூளையைத் திருடுவது பணத்தைத் திருடுவதைவிட மோசம்.

காய் வெடிக்கிற ஆவணி மாதம். தகரக் கூரைமேல் கம்பெனியின் மூளை படார் படாரென்று தெறித்துக்கொண்டிருந்தது.

"ஐயா, இது நான்..."

"தொரை பேசும்போ வாய மூடுலே."

துரையின் தீர்ப்பும் வந்தது. வேலை போயிற்று. பொழுது சாய்வதற்குள் தோட்டத்து லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மனைவி பூங்கனிக்கு இது நிறைமாதம். இந்த மழைக்காலத்தில் அவளை எங்கே கொண்டு இருத்துவது? நேசையன் மறுபடியும் வாயெடுத்தான். ரைட்டர் வேலைநீக்கக் காகிதத்தை எடுத்துவைத்து, அவன் பெருவிரலைப் பிடித்து மசி தடவினார்.

அப்போதுதான் துரைக்கு ஒன்று தோன்றியது. எந்த மரத்தடியில் பொறுக்கினான், வெளியே யாருக்குக் கொண்டுபோகிறான் என்று கேட்கச் சொன்னார்.

"வெளிய எங்க ஐயா கொண்டு போனேன்? உள்ள வரும்போல்லா காவல்காரன் பிடிச்சது." நேசையன் மசி படாத கையால் மூட்டையிலிருந்து ஒரு வெள்ளைக் கோட்டை எடுத்து, மடிப்புக் கலையாமல் நாற்காலிக் கையில் வைத்தான். "இந்தத் தொரைக்க கோட்டுப் பையில கெடந்ததாக்கும். வெளுக்கதுக்கு முன்ன எடுத்து வச்சேன். எண்ணிக்கிடச் சொல்லுங்க."

மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. துரை அந்தக் காகிதத்தை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, தரையில் குனிந்து விதைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஒன்று நாற்காலிக்கு அடியில் போயிருந்தது, அதையும் விடவில்லை.