ஆயிரமாவது நாள்

“ஆம்புலன்ஸுக்கு நான் போன் பண்றேன் சார். உங்க அனுமதி எனக்கு வேணாம்.”

நர்ஸ் ரிசீவரை எடுத்தாள். மேனேஜர் குனிந்து தொலைபேசியின் ஒயரைப் பிடுங்கினார்.

“கால் மணி நேரம் பொறுங்க சிஸ்டர். ஹெட் ஆபீஸ்காரங்க பேக்கிங் பக்கம் வந்துட்டாங்க. பார்த்துட்டுக் கிளம்பிடுவாங்க.”

முதலுதவி அறைக் கட்டிலில் கிடந்தவன் குடோனில் மூட்டை இறக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. பின்னால் வந்த ஃபோர்க்லிஃப்ட் வண்டி அவனை இரும்பு ரேக்கோடு சேர்த்து நசுக்கியிருந்தது.

“ரத்தமே வரலையே. ஊமைக்காயம்தானே?”

“வெளியில வரலைன்னுதான் சார் பயமா இருக்கு. வயிறு கல்லு மாதிரி இறுகிடுச்சு. நாடி கையில சிக்கவே மாட்டேங்குது.”

மேனேஜர் ஜன்னல் வழியே பார்த்தார். கேட் அருகே பெரிய போர்டு. ‘விபத்தில்லாத நாட்கள்: 1000.’ அதன் கீழேதான் விருந்தினர்களின் கார்கள் நின்றன. ஆம்புலன்ஸ் வந்தாலும் அந்த வழியாகத்தான் வர வேண்டும். இன்றைய பார்வையிடல் நல்லபடியாக முடிந்தால் கம்பெனியின் ஏழு தொழிற்சாலைகளுக்கும் அவர்தான் இயக்குநர். கேன்டீனில் தட்டு கழுவுகிறவருக்குக்கூட அது தெரியும்.

“ஆயிரம் நாள் சிஸ்டர். வீடு வாசல் பார்க்காம உழைச்சிருக்கேன். ஒரு சைரன் சத்தத்துல எல்லாம் மண்ணாப் போயிடும்.”

“இது உயிரு சார்! உங்க நெஞ்சுல ஈரமே இல்லையா?”

கட்டிலில் கிடந்தவன் கண் திறந்தான். உதடுகள் வெளுத்திருந்தன.

“விடுங்க சிஸ்டர். சார் சொல்றபடியே செய்யுங்க. கால் மணி நேரம்தானே, தாங்குவேன்.” சிரிக்க முயன்றான். “அவர் மூஞ்சியைப் பாருங்க, என்னைவிட மோசமா இருக்கு. முதல்ல அவரைப் படுக்க வைங்க.”

சாகக் கிடக்கும்போதும் மேனேஜருக்குப் பரிந்து பேசுகிறானே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மேனேஜர் கட்டில் பக்கம் திரும்பவில்லை. டையைச் சரிசெய்துகொண்டு, தொலைபேசியைக் கையோடு எடுத்துக்கொண்டு வெளியேறினார். செல்போன்களை எல்லாம் காலையிலேயே கேட்டில் வாங்கி வைத்துவிட்டார்கள். அறை வாசலில் ஒரு காவலாளி வந்து நின்றான்.

“அண்ணே, வழியை விடுங்க!”

“எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்மா,” என்றான் அவன், தரையைப் பார்த்தபடி.

கால் மணி நேரம் நாற்பது நிமிடமானது. கார்கள் போன பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது. வந்தவர்கள் அவனைச் சோதித்துப் பார்த்துவிட்டு, ஸ்ட்ரெச்சரை விரிக்காமலே நின்றார்கள்.

சற்று நேரத்தில் மேனேஜர் உள்ளே வந்தார். கையில் பூங்கொத்து. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

“வாழ்த்துகள் சார்,” என்றாள் நர்ஸ். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “பதவி கிடைச்சிடுச்சுல்ல? இவருக்கு வீட்டுல வயசான அம்மா மட்டும்தானாம். அவங்ககிட்ட யார் சார் போய்ச் சொல்றது? நான் போக மாட்டேன். நீங்களே போங்க. அந்த அம்மா முகத்தை நேருக்கு நேரா பார்த்துச் சொல்லுங்க.”

மேனேஜர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். இறந்தவனின் நெற்றியில் விழுந்திருந்த முடியை மெதுவாக ஒதுக்கிவிட்டார்.

“நான்தான் சொல்லணும் சிஸ்டர். எனக்கும் அவங்கதான் அம்மா.”